கை மாறி வந்த டர்போ வண்டியில் பவர் ஏற்றப் போன கதை

வண்டி கைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ரீமேப் ஆசை (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவரைக் கூட்டுவது) தலைக்கேறிவிட்டது. 1.6 லிட்டர் டர்போ பெட்ரோல், எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது, மீட்டரில் 94 ஆயிரம் கிலோமீட்டர். ராத்திரி போனை வைத்துக்கொண்டு ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்று ரீமேப்பின் படிகளைப் படித்துப் படித்து, லேப்டாப்பைச் சொருகி அரை மணி நேரத்தில் முப்பது குதிரைத்திறன் கூடும் என்றால் அதை யார்தான் வேண்டாம் என்பார்கள் என்கிற நிலைக்கு வந்திருந்தேன்.

ரீமேப் செய்து தரும் ஒரு ட்யூனரிடம் போனில் பேசினேன். "எவ்வளவு ஏறும்ணே?" என்று கேட்டதற்கு, "இப்ப எவ்வளவு கொடுக்குதுன்னு தெரியுமா தம்பி?" என்று திருப்பிக் கேட்டார். தெரியாது. புதிதாக இருந்தபோது கம்பெனி அச்சடித்த எண் தெரியும், அவ்வளவுதான். "லாக் எடுத்து அனுப்பு, அப்புறம் பேசுவோம்" என்று வைத்துவிட்டார். லாக் என்றால் வண்டி ஓடும்போது சென்சார்கள் காட்டும் எண்களின் பதிவு. எனக்குக் கொஞ்சம் கடுப்புதான். காசு கொடுக்க வருகிறவனை வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்புகிறாரே என்று.

டர்போ வண்டியில் இது ஏன் இவ்வளவு சுலபம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகும் என்பதை அதன் கொள்ளளவும் வெளிக்காற்றின் அழுத்தமும் தீர்மானித்துவிடும், சாஃப்ட்வேரை எப்படிப் புரட்டினாலும் சில சதவீதத்துக்கு மேல் ஏறாது. டர்போவில் வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது, அதுவும் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல். எவ்வளவு அமுக்குவது (இதுதான் பூஸ்ட்) என்பதை, புகையில் ஒரு பகுதியை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவைத் திறந்து மூடி ஈசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், பார்த்துக்கொள்கிறது. அந்த எண்ணை ஏற்றி, பெட்ரோலையும் இக்னிஷன் டைமிங்கையும் (பொறி விழும் நேரம்) அதற்கேற்ப மாற்றினால் பல வண்டிகளில் 20 முதல் 30 சதவீதம் வரை கிடைத்துவிடுகிறது.

கம்பெனிக்காரன் அந்த 20 சதவீதத்தை மறந்துபோய் விட்டு வைக்கவில்லை. மட்டமான பெட்ரோல், கொளுத்தும் வெயில், மலைப்பாதை, ஆயில் மாற்றுவதையே மறந்த ஓனர் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கி வைத்த இடம் அது. ரீமேப் அந்த ஒதுக்கீட்டை எடுத்துத்தான் செலவழிக்கிறது. செகண்ட் ஹேண்ட் வண்டியில் அதில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் ஒழியத் தெரியாது.

சரி, லாக். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க ஓபிடி அடாப்டர் ஒன்று, போனில் ஒரு ஆப். ஆளில்லாத நேரான சாலையில் நண்பனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதித்து 6,000 வரை. கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், உள்ளே போகும் காற்றின் வெப்பம், டைமிங், ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக்கிங்குக்காக (கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது) ஈசியூ எவ்வளவு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது, ஃபியூல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் ஈசியூ செய்யும் திருத்தம்) என்று ஆறு விஷயம்தான். பார்த்தால் ஈசியூ 1.3 பார் கேட்கிறது, 1.0 தான் வருகிறது. இரண்டு சிலிண்டரில் டைமிங் ஆறு டிகிரி பின்னால். இவ்வளவு நாளும் வண்டி நன்றாக ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கேயோ காற்று கசிகிறது என்பது மட்டும் புரிந்தது. மெக்கானிக் அண்ணன் ஒருவர் பைப் மூடியில் டயர் வால்வைப் பொருத்தித் தானே செய்து வைத்திருந்த ஒரு சாமானை டர்போவின் வாயில் மாட்டி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துவிட்டு (கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறிச் சீல் பிதுங்கக் கூடாது என்பதற்காக), மெதுவாக அரை பார் அளவுக்குக் காற்று ஏற்றினார். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ், கீழ்ப்பக்கம் கிளாம்ப் இறுகும் இடத்தில், கண்ணுக்கே தெரியாத மாதிரி ஒரு கீறல். சோப்புத் தண்ணீர் அடித்ததும் அங்கிருந்து நுரை பொங்கியது. அவர் விரலை வைத்துத் தடவிக் காட்டினார், கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. "இது ஒரு நாள்ல வந்த அழுக்கு இல்ல தம்பி" என்றார்.

ஒரு கீறல் என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள். காற்று போதவில்லை என்று ஈசியூ டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றவிடுகிறது. கூடுதலாகச் சுற்றினால் காற்று கூடுதலாகச் சூடாகிறது. சூடான காற்றில் நாக்கிங் வருகிறது, அதைத் தவிர்க்க டைமிங் பின்னுக்குப் போகிறது, இழுவை செத்துவிடுகிறது. போதாததற்கு, என் வண்டியில் காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருப்பதால், வழியில் தப்பித்துப் போன காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றுகிறது. புகைக்குழாய் முனையில் இருந்த கரி அதுதான். இந்த நிலையில் மேலே ஒரு ரீமேப்பைப் போட்டிருந்தால் டர்போ தன் எல்லையைத் தாண்டிச் சுற்றியிருக்கும்.

ஹோஸ் மாற்றினேன், லாக்கை அனுப்பினேன். பூஸ்ட் இப்போது சரியாக 1.3. பெருமையாக இருந்தது. ட்யூனர் பார்த்துவிட்டு, "இந்த வண்டிக்கு கம்பெனி கொடுக்கிறதே 0.9 தானே, 1.3 எங்கிருந்து வந்துச்சு?" என்றார். வண்டியைக் கொண்டுபோய் ஈசியூவைப் படித்து, ஒரிஜினல் ஃபைலோடு ஒப்பிட்டதும் குட்டு வெளிப்பட்டது: முன்னால் வைத்திருந்த யாரோ ஏற்கெனவே ரீமேப் செய்திருக்கிறார்கள், விற்கும்போது வாயைத் திறக்கவில்லை. நான் ஸ்டாக் (கம்பெனி கொடுத்தபடியே இருப்பது) என்று நம்பி, அதன் மேல் இன்னொரு மாடி கட்டக் கிளம்பியிருக்கிறேன்.

ஆகவே பழைய டர்போ வண்டி வாங்கினால் முதல் வேலை ஈசியூவில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்ப்பது. நான் ஒரிஜினல் ஃபைலைத் திரும்பப் போட்டேன். பவரைக் கூட்டப் போய்க் காசு கொடுத்துக் குறைத்துக்கொண்டு வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அப்புறம் இன்ஜின் உடம்பைப் பார்த்தோம். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே அமுங்கும் காற்றின் அழுத்தம்) எடுத்தால் எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். எனக்கு அதிகத்துக்கும் குறைவுக்கும் ஐந்து சதவீதம்தான் வித்தியாசம், தப்பித்தேன். டர்போ தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக அசையலாம், முன்னும் பின்னும் அசைந்தால் அதன் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றி இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்குக் குறைத்தோம், அழுத்தம் கூடக் கூடப் பொறி தாண்டக் கஷ்டப்படும். சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை, அதனால் கரி அடை அடையாகப் பிடித்திருக்கும், அதையும் சுத்தம் செய்தோம். இதெல்லாம் முடிந்து ஸ்டாக் ஃபைலில் ஓட்டியபோதே முன்பு 1.3 பார் காட்டியதைவிட இழுவை நன்றாக இருந்தது.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, ஆசை யாரை விட்டது. ஆனால் இந்த முறை கேட்டது வேறு.

நண்பர் ஒருவர் வேறொரு இடத்தில் ரீமேப் போட்டு, 1,700 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க் (சுழற்றும் விசை) வருகிற மாதிரி வாங்கிக்கொண்டார். ஓட்டினால் முதுகு சீட்டில் ஒட்டும், சுகம்தான். ஒரு மேட்டில் டாப் கியரிலேயே இருந்துகொண்டு மிதித்திருக்கிறார், டங்கென்று ஒரே ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால் ஒரு பிஸ்டனில் வளையங்களுக்கு நடுவிலிருந்த விளிம்பு உடைந்திருந்தது. குறைந்த ஆர்பிஎம்மில் கூடுதல் அழுத்தம் கொடுக்கும்போது, பொறி விழுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வதால் வருவது இது. சிறிய டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ இன்ஜின்களின் சாபக்கேடு. ஆயிலுக்கும் இதில் பங்கு உண்டு, கால்சியம் சார்ந்த சேர்மானம் அதிகமுள்ள ஆயில் இதைத் தூண்டுகிறது என்று தெரிந்த பிறகுதான் அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் (ஏபிஐ) அமைப்பு 2018இல் எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி என்று தரங்களைக் கொண்டுவந்தது. டப்பாவின் பின்னால் எஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள்.

அதனால் நான் ட்யூனரிடம் கேட்டது, "கீழே டார்க்கைக் கூட்டாதீங்க, மேலே விழாமப் பார்த்துக்குங்க" என்பதுதான். கணக்கு எளிது. 250 நியூட்டன் மீட்டர் டார்க் 2,000 ஆர்பிஎம்மில் இருந்தால் 71 குதிரைத்திறன், அதே 250 ஐயாயிரத்தில் இருந்தால் 178. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை வளைப்பது பெரும்பாலும் கீழே திடீரென்று வரும் டார்க்தான்.

ஒயரில் சொருகும் பூஸ்ட் பாக்ஸ்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பெரும்பாலானவை பூஸ்ட் சென்சார் சொல்வதைக் குறைத்துச் சொல்லி ஈசியூவை ஏமாற்றுபவை. சொந்த மூளையிடமே பொய் சொல்கிற வண்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

டர்போ காரை முதன்முதலில் விற்றவர்களுக்கே இந்தத் தலைவலி இருந்தது. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் நாக்கிங்கைத் தடுக்க, காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இன்ஜினுக்குள் தெளித்தார்கள், அதற்குத் தனியாக ஒரு டேங்க். தீர்ந்தால் பூஸ்ட் குறைந்துவிடும். ஓனர்கள் அதை நிரப்ப மறந்தார்கள், வண்டி இழுக்கவில்லை என்று குறை சொன்னார்கள், பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டார்கள். அடுத்த ஆண்டோடு அந்த மாடலும் போய்விட்டது.

பெட்ரோல் விஷயத்தில் சமரசம் வேண்டாம். 98 ஆக்டேனுக்கு (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) எழுதிய ஃபைலில் 91 ஊற்றினால் நாக் சென்சார் முடிந்தவரை காப்பாற்றும், ஆனால் அது ஆபத்துக்கு உதவுகிற ஆள், தினசரி வேலைக்காரன் இல்லை. எங்கும் கிடைக்கிற ஆக்டேனுக்கே ஃபைலை எழுதச் சொல்லுங்கள்.

கிளட்ச் பழசாக இருந்தால் முதலில் கைவிடுவது அதுதான். டாப் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் மிதித்துப் பாருங்கள், ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறி வேகம் ஏறவில்லை என்றால் வழுக்குகிறது. இதை ஸ்டாக்கில் இருக்கும்போது, ஒரே ஒரு முறை மட்டும் செய்யுங்கள். பிரேக்கை நான் பவருக்கு முன்பே செய்தேன். 100இல் போகிற வண்டி 120இல் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடிவிடுகிறது, பிரேக் ஆயிலோ வருடக்கணக்கில் ஈரத்தைக் குடித்துக் கிடக்கிறது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறியதற்கு அந்த எல்லை 155தான். இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் செய்தால் விபத்து நேரத்தில் கையை விரித்துவிடுவார்கள், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டைக் கழற்றுவது பல நாடுகளில் குற்றம். இரண்டையும் நான் தொடவில்லை, அதாவது பொய்யையும் கேட்டலிஸ்டையும்.

இப்போது 1.1 பார், ஸ்டாக்கைவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதல். முன்பு யாரோ போட்டிருந்ததைவிடக் குறைவு, ஓட்டும்போது அதைவிட வேகம். டைமிங் எந்தச் சிலிண்டரிலும் இரண்டு டிகிரிக்கு மேல் பின்னுக்குப் போகவில்லை. ஆயிலை ஏழாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன், மலையேறி வந்து நின்றால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்கிறேன், சூட்டில் டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் கரியாகிவிடும். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் அந்த ஹோஸின் கீழ்ப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. போன வாரமும் தடவினேன், விரலில் தூசுதான் வந்தது.