எங்கள் சித்திர மாஸ்டர்: ஒரு வகுப்புத் தோழனின் நினைவுகள்

ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவனை ‘அவர்’ என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எங்களுக்குப் பின்வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் சித்திர மாஸ்டர் என்பதால், இந்த நினைவு மலருக்காக அந்த மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். கொழும்பில் ‘ஹேவூட்’ என்று சொல்லப்பட்ட அரசினர் நுண்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, ஓவியர் ஜோர்ஜ் கீற்றையும் 1943இல் தொடங்கிய ‘43 குழு’ என்ற நவீன ஓவியர்களையும் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு ஊர் திரும்பியவரிடம், அயலவர்கள் கேட்டதோ கலண்டரில் உள்ளதைப் போன்ற ஒரு முருகன் படத்தைத்தான். கீறியும் கொடுத்தார். மயில் மட்டும் எங்கள் ஊர்ச் சேவலைப் போல நின்றது என்பது என் அபிப்பிராயம்.

மாணவரின் கொப்பியில் அவர் ஒருபோதும் பென்சில் வைத்ததில்லை. பிழையை ஒரு துண்டுக் கடுதாசியில் கீறிக் காட்டிவிட்டு, பார்த்துக் கீறிவிடுவார்கள் என்ற பயத்தில் அதைக் கசக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். புதிதாய் அடைத்த கிடுகு வேலியைத் தீட்டச் சொல்லி, மாரி கழிந்ததும் அதே வேலியின் முன் அதே பிள்ளைகளை மறுபடி இருத்துவார். பொன்னிறமாய் இருந்த கிடுகு சாம்பல் பூத்திருக்கும், ஆனால் பாதிப் பேர் பழைய மஞ்சளையே குழைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு அவர் கோபித்ததில்லை. நீர்வண்ணத்தில் வெள்ளைச் சாயம் பூசினால்தான் கோபம் வரும். வெள்ளை வேண்டிய இடத்தில் கடுதாசியைச் சும்மா விடத் தெரியாதா என்று கேட்பார்.

1990க்குப் பின், போராலும் பொருளாதாரத் தடையாலும், யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, சாயமும் இல்லை. பூவரசங் குச்சிகளைப் பால்மாப் பேணியில் அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, தணலில் புதைத்துக் கரிக்கோல் செய்துகொண்டார். அவசரப்பட்டுச் சூட்டோடு மூடியைத் திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும் என்பதை முதல் இரண்டு பேணிகளைப் பறிகொடுத்தபின் கற்றுக்கொண்டோம். பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம் அது. அவரும் அந்தத் தாளில்தான் கீறினார், நீலக் கோடுகளை மழையாக்கியும் கடலாக்கியும். இரவில் ஜாம் போத்தல் விளக்கின் முன் கரியை மட்டுமே தொடுவார், அந்த வெளிச்சத்தில் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது என்பதால்.

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமம் முழுவதும் போரில் இடம்பெயர்ந்து, மழையில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து நடந்தபோது, அவருடைய பழைய நீர்வண்ணப் படங்கள் ஒரு பாயில் சுருட்டப்பட்டு என் சைக்கிளில்தான் கட்டப்பட்டிருந்தன. மேலே பொலித்தீன் சுற்றியது நான். இரு நுனிகளையும் கட்டாமல் விட்டதும் நான்தான். சாவகச்சேரியில் நாங்கள் ஒதுங்கிய பாடசாலை வகுப்பறையில் பாயை விரித்தபோது, வேலிகள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து சேற்று நிறமாகியிருந்தன. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. தாள்களை வாங்குகளின்மேல் காயவைத்தார். மறுநாள், அழுதுகொண்டிருந்த சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு தாளைத் திருப்பிக் கொடுத்து, பின்பக்கத்தில் கீறச் சொன்னார்.

அவற்றில் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒருபக்கம் கரைந்த வேலி, மறுபக்கம் ஐந்து கால்களுடன் ஒரு மாடு. ஐந்தாவதை அவர் திருத்தவில்லை. அவர் மறைந்த பிறகு, இங்கே சட்டம் போடும் கடைக்கு அதைக் கொண்டுபோனேன். எந்தப் பக்கம் முன்னால் வரவேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். படத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.