ஆய்வேட்டில் யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப்: துணைநூற்பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

யூடியூப் பேட்டியும் ஃபேஸ்புக் பதிவும் ஆய்வேட்டுக்குள் வரும்போதுதான் துணைநூற்பட்டியல் சிக்கலாகிறது. இங்கே சொல்வது ஏபிஏ (அமெரிக்க உளவியல் கழகத்தின் மேற்கோள் நெறி) 7ஆம் பதிப்பு முறை. உங்கள் துறை எம்எல்ஏ (நவீன மொழிக் கழகத்தின் நெறி) கேட்டால் வரிசை மாறும். திரட்ட வேண்டிய விவரங்கள் பெரும்பாலும் இவையேதான்.

மேற்கோள் வடிவத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் சேமியுங்கள். பக்கத்தின் முகவரியை, இணையப் பக்கங்களின் நகலைச் சேமிக்கும் வேபேக் மெஷின் தளத்தின் ‘சேவ் பேஜ் நவ்’ பெட்டியில் இட்டால், தேதியும் நேரமும் பதிந்த நகல் கிடைக்கும். ஃபேஸ்புக்கில் இது பலிப்பது அரிது. லாகின் திரைதான் பதிவாகும். அங்கே பெயருக்குக் கீழுள்ள தேதியைச் சொடுக்கி, அந்தப் பதிவுக்கே உரிய முகவரியை எடுத்துக்கொண்டு, தேதி தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைக்க வேண்டும். பலர் எழுதியவரின் முகப்புப் பக்க முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். தேர்வாளர் அதில் எதைத் தேடுவார்? தலைப்பில்லாத பதிவுக்கு அதன் முதல் 20 சொற்களே தலைப்பு. எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தக் கூடாது.

யூடியூபில் அதிகம் தவறுவது ஆசிரியர் பெயர். அந்த இடத்தில் வர வேண்டியது பேசியவர் அல்ல, பதிவேற்றிய சேனல். எழுத்தாளர் ஒருவரின் பேட்டி என்றால், அவர் பெயரை உங்கள் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பக்க எண்ணுக்குப் பதில் மேற்கோள் தொடங்கும் நேரம்: (சேனல் பெயர், 2021, 12:40). சேனல், நிறுவனப் பெயர்களைச் சோட்டீரோ என்ற மேற்கோள் மென்பொருளில் இரண்டு கட்டங்களில் இட்டால் ‘கல்விக்கழகம், தமிழ் இணைய’ என்று தலைகீழாக அச்சாகும். பெயர்க் கட்டத்தின் அருகிலுள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்கினால் சரியாகிவிடும்.

வாட்ஸ்அப் குரல் செய்தி, மின்னஞ்சல், தொலைபேசிப் பேச்சு ஆகியவை பட்டியலில் வராது. வாசகர் எடுத்துப் பார்க்க வழியில்லையே. உரைக்குள் மட்டும் பெயர், ‘தனிப்பட்ட தொடர்பு’, முழுத் தேதி. களஆய்வில் நேர்கண்ட தகவலாளிகளை இதில் சேர்க்காதீர்கள். அது உங்கள் தரவு, சான்று அல்ல.

விக்கிப்பீடியாவை நெறியாளர் அனுமதித்தால், வரலாற்றுப் பகுதிக்குப் போய் நீங்கள் படித்த தேதியின் திருத்தத்துக்கு இணைப்புக் கொடுங்கள். தமிழ்த் தலைப்புள்ள முகவரியை ஒட்டினால் ‘தமிழ்’ என்ற சொல் மட்டுமே 45 குறிகளாக விரியும். தலைப்பை நீக்கித் திருத்த எண்ணை மட்டும் விட்டாலும் இணைப்பு திறக்கும்.

ஸ்கேன் செய்த நூல்களில் பிடிஎஃப் காட்டும் எண் வேறு, தாளில் அச்சான எண் வேறு. முன்னுரைப் பக்கங்களும் அட்டையும் கணக்கைத் தள்ளிவிடும். அச்சான எண்ணையே எழுதுங்கள். சங்கப் பாடலுக்கு அந்தத் தொல்லையும் இல்லை: ‘புறநானூறு 192’ என்றால் பாடல் எந்தப் பதிப்பிலும் கிடைக்கும். பாடவேறுபாட்டை (பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறுவதை) பற்றி எழுதினால் மட்டும் எந்தப் பதிப்பு என்பதைத் தவறாமல் குறிக்க வேண்டும்.