தாளில் இல்லாத நோய்

மார்ச் 3
அம்மாவின் புது மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை முழுக்கப் படித்தேன். எந்த நோய்க்கு என்று போட்டிருக்கிறது: மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு. அம்மாவுக்கு இரண்டுமே கிடையாது, அவளுக்கு மறதி நோய். அந்தச் சொல் எச்சரிக்கைப் பகுதியில் மட்டும் வருகிறது. குவெட்டியபின் 25 மில்லிகிராம், இரவில் ஒன்று.

மார்ச் 4
கொடுக்கவில்லை. விடியும்வரை "வீட்டுக்குப் போகணும்" என்று கதவோடு மல்லுக்கட்டினாள்.

மார்ச் 6
டாக்டர் எதையும் மறைக்கவில்லை. மருந்துக்கு அரசு தந்த உரிமத்தில் இல்லாத நோய்க்கும் மருத்துவர் எழுதலாமாம். கம்பெனிதான் அப்படி விளம்பரம் செய்யக் கூடாது. இதே மருந்தை மறதி நோய்க்கும் தூக்கமின்மைக்கும் என்று பரப்பியதாக எழுந்த வழக்கை முடிக்க, ஆஸ்ட்ராசெனிகா 2010இல் அமெரிக்காவில் 52 கோடி டாலர் கட்டியிருக்கிறது. குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

மனச்சிதைவுக்குப் பல நூறு மில்லிகிராம் தேவை. 25இல் அது பெரும்பாலும் மூளையை விழிப்பாக வைக்கும் ஹிஸ்டமினை அடைத்துத் தூங்க வைக்கிறது, பழைய சளி மாத்திரை போல. அப்படியானால் பயம் எதற்கு? 2005இல் அமெரிக்க மருந்து ஆணையம் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மறதி நோயுள்ள முதியவர்களில் இந்த வகை மருந்து எடுத்தவர்கள் பத்து வாரத்தில் சுமார் 4.5 சதவீதம் இறந்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம்.

மார்ச் 7
கொடுத்தேன். தூங்கினாள். நானும்.

மார்ச் 12
4.5. 2.6.

மார்ச் 15
மத்தியானமும் தூக்கம். எழுந்தால் தள்ளாடுகிறாள், ரத்த அழுத்தம் இறங்குகிறது. அண்ணன் போனில், "அமைதியா இருக்காங்கல்ல, விடு" என்கிறான். யாருக்கு அமைதி? ராத்திரி அவன் வந்து படுக்கட்டுமே.

சரி, எனக்கும்தான் அமைதி.

மார்ச் 21
மாத்திரைக்கு முன்னால் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் பார்க்க வேண்டுமாம். சிறுநீர் பார்த்தாயிற்று. பல்லைப் பார்க்க வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். இடது பக்கம் மெல்லுவதே இல்லை. எப்போதிருந்து?

மார்ச் 22
இடது பக்கம்தான்.

மார்ச் 29
பிரிட்டனில், அல்சைமர் என்ற மறதி நோயில் வரும் முரட்டுத்தனத்துக்கு, இதே வகை மருந்தான ரிஸ்பெரிடோனுக்கு உரிமம் உண்டு, அதுவும் 6 வாரம் வரைதான். உரிமம் உள்ளதற்கே கெடு இருக்கிறது. நம் சீட்டில் நிறுத்தும் தேதி எங்கே? கேட்டேன். டாக்டர் யோசித்துவிட்டு, பாதியாக்கிப் பார்ப்போம் என்றார்.

ஏப்ரல் 2
பாதி. போர்வையை இப்படியா மடிப்பது என்று திட்டினாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் திட்டு.

ஏப்ரல் 3
மூன்று மணிக்கே எழுந்துவிட்டாள். பல் டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் இருக்கிறாராம். அண்ணன் வருகிறேன் என்றிருக்கிறான், பார்ப்போம்.