தேருக்குப் பின்னால் இரண்டு தைப்பூசம்

நானும் என் கணவரும் கோலாலம்பூரில் இருக்கிறோம். கல்யாணமான நாளிலிருந்தே லீவு கிடைத்தால் போதும், காடு, மலை, தீவு என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். நான் படம் எடுப்பேன், அவர் எழுதுவார். எல்லாம் வீட்டுக் கணினியிலேயே கிடந்தது. பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றி எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பிப் பார்ப்போம் என்று 2024 தொடக்கத்தில் முடிவு செய்தோம். அது அச்சில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எங்களைப் போல ஜோடியாக இதில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரியில் ஜார்ஜ்டவுன். அந்த வருடம் தைப்பூசம் ஜனவரி 25. தேர் கிளம்புவது அதற்கு முந்தின நாள் விடியற்காலை. பினாங்கில் இப்போது இரண்டு ரதங்கள் போகின்றன. குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலைச் சுமந்து போகும் தங்க ரதம் 2017-இல்தான் வந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளி ரதம் 1894-இல் காரைக்குடியிலிருந்து வந்தது. இரண்டின் பின்னாலும் ஓடினால் ஒன்றும் கிடைக்காது என்று வெள்ளி ரதத்தையே பிடித்துக்கொண்டோம். நான்கு மணிக்கே, அது கிளம்பும் பினாங்குத் தெருக் கோயில் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டோம்.

வெள்ளியை இருட்டில் படம் எடுப்பது லேசான வேலை இல்லை. ரதத்தின் விளக்குகளும் கற்பூர வெளிச்சமும் வெள்ளித் தகட்டில் பட்டுத் தெறிக்கும். கேமராவை அதன் போக்கில் விட்டால் சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கிவிடும். ரதத்தின் சிற்ப வேலைப்பாடு முழுக்க வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பதிவாகும் வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்து வைத்தேன். முகங்கள் இருண்டன, பரவாயில்லை. கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்தால் நிழலில் இருப்பதை ஓரளவு பின்னால் மீட்கலாம், வெளுத்துப்போனதை மீட்க முடியாது. 35 எம்எம் லென்ஸ், வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 3200. ஃப்ளாஷ் பக்கமே போகவில்லை.

விடிந்த பிறகுதான் தேங்காய். டத்தோ கெராமாட் சாலையில் ஓரமெல்லாம் மலை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். தமிழர்கள் மட்டுமில்லை, சீனக் குடும்பங்களும் வரிசையாக நின்று உடைக்கிறார்கள். ரதம் நெருங்க நெருங்க அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் அதிரும். அங்கே எதிரே நின்று படம் எடுக்காதீர்கள். ஓடு பறக்கும். பக்கவாட்டில் நில்லுங்கள், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். லென்ஸில் தேங்காய்த் தண்ணீர் தெறித்தால் காய்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, பிசுபிசுப்பு அப்படியே பரவும். முதலில் ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. இதைத் தெரிந்துகொள்வதற்குள் எனக்கு ஒரு மணி நேரப் படங்கள் மங்கலாகிப் போயின.

நாற்பது படங்களும் நீண்ட கட்டுரையும் அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: படத்தில் இருப்பதையே கட்டுரையும் சொல்கிறது, இரண்டில் ஒன்று போதும்.

என் கணவர் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாம் நாள் படங்களையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். ஆசிரியர் சொன்னது சரிதான். அன்று முழுக்க அவர் என் பையையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் எனக்கு வழி விலக்கிக்கொண்டிருந்தார். எதையும் நின்று பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, என் படங்களைத் திரையில் பார்த்துப் பார்த்துத்தான் எழுதியிருந்தார். எனக்காக அவர் பட்ட பாடுதான் அவருடைய எழுத்தைத் தின்றிருந்தது. அது புரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11. இந்த முறை பிரிந்து போனோம். நான் விடியலிலிருந்து ரதத்தோடு. அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, ரதம் இரவில்தான் வந்து சேரும் தண்ணீர்மலைப் பக்கத்தில், ஒரு தண்ணீர்ப் பந்தலில். மோர் கலக்கிக்கொண்டிருந்த ஆன்ட்டி அவரைச் சும்மா உட்காரவிடவில்லை, எலுமிச்சம்பழம் நறுக்கச் சொன்னார். போகிற வருகிற எல்லோரிடமும் அந்த ஆன்ட்டி "தேர் எங்க வந்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். என் கணவர் எழுதியது அந்தக் காத்திருப்பைத்தான். தேரைப் பற்றிக் கடைசிப் பத்தியில் நான்கு வரி. மீதியை என் படங்கள் பார்த்துக்கொண்டன.

மறுநாள் 513 படி ஏறி மலைக்கோயிலுக்குப் போனோம். காவடி எடுப்பவர்களையும் பால்குடம் ஏந்தியவர்களையும் அருகில் போய் எடுப்பதற்கு முன்னால் அவர்களிடமோ கூட வந்தவர்களிடமோ கேட்டேன். பெரும்பாலோர் தலையசைத்தார்கள். ஒரு அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார், கேமராவை இறக்கிவிட்டேன். முந்தின வருடம் கேட்காமல் எடுத்த ஒரு முகம் என் படங்களிலேயே சிறந்தது. அதை இந்தத் தடவை அனுப்பவில்லை. நேர்த்திக்கடன் அவருடையது, அந்த முகத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

ஆயிரத்துக்கு மேல் எடுத்ததில் பதினொன்றுதான் அனுப்பினோம். படத்தின் கீழே எழுதும் வரியில் படத்தில் தெரியாததை மட்டும் எழுதினேன்: மணி, தெருவின் பெயர், ரதத்தின் வயது. மூன்று வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அச்சுக்குப் பெரிய அளவு ஃபைல், ஊர்ப் பெயர்களைச் சரிபார்ப்பது, தலைப்பை மாற்றுவது என்று இன்னும் சில கடிதங்கள். அவ்வளவுதான்.

இதழ் கைக்கு வந்ததும் அடுத்த விடுமுறையில் பினாங்குக்குப் போய் ஆன்ட்டியைத் தேடிப் பிடித்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் நாத்தனாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். "தேர் எங்க வந்திருக்கு?" என்ற இடம் வந்ததும் நிறுத்தி, என் கணவரை நிமிர்ந்து பார்த்தார். "ஆமாப்பா, நான் இப்படித்தான் கேட்டேன்."