விடுதலை உத்தரவுக்கும் வாசலுக்கும் நடுவே

கலிஃபோர்னியாவில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஜெயிலில் இருக்கும் ஒருவரை விடச் சொல்லி நீதிமன்றம் பிற்பகல் மூன்று மணிக்கு உத்தரவு போட்டால், நான்கு மணிக்கு ஆள் வெளியே வந்துவிடுவார் என்றுதான் வீட்டில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நடப்பது வேறு. நீதிமன்ற எழுத்தர் உத்தரவைக் கணினியில் ஏற்ற வேண்டும். அது ஜெயிலின் ஆவணப் பிரிவுக்கு வந்து சேர வேண்டும். அங்கே இருக்கும் எழுத்தர், இவர் மேல் வேறு கவுண்டியில் வாரண்ட் இருக்கிறதா, இன்னொரு வழக்கில் காவல் தொடர்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். நீதிமன்ற வேலை முடிந்து சாயங்காலம் எல்லா உத்தரவுகளும் ஒரே நேரத்தில் அவர் மேசையில் குவியும். தவறான ஆளை விட்டுவிட்டால் அவர் வேலைக்கே உலை வைத்துவிடும். தாமதமாக விட்டால் கேட்பார் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் வரிசை எந்த வேகத்தில் நகரும் என்று சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகும் வேலை இருக்கிறது. கைரேகை வைத்து ஆள் அவர்தானா என்று பார்ப்பார்கள். உடை மாற்ற வேண்டும், உடைமைப் பையைத் தேடி எடுக்க வேண்டும், கணக்கில் மீதமிருக்கும் பணத்தைக் காசோலையாகவோ அட்டையாகவோ தர வேண்டும். நடுவில் பணிமாற்றம் வந்தால் எல்லாம் ஒரு மணி நேரம் நிற்கும். இப்படி ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் போய், நள்ளிரவு தாண்டி ஆள் வெளியே நிற்பார். பையில் இருக்கும் கைப்பேசியில் சார்ஜ் இருக்காது. தெரிந்தவர்கள் எண்ணெல்லாம் அதற்குள்தான். ஆகஸ்டில் அரைக்கால் சட்டையோடு பிடிபட்டவர் ஜனவரிக் குளிரில் அதே உடையில் நிற்பார். மருந்தகம் மாலையே மூடியிருக்கும். மனநல மருந்தோ, ஓபியாய்டு என்ற அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்குத் தரும் புப்ரெனார்ஃபின் மருந்தோ கையில் இருக்காது.

இது வெறும் வசதிக் குறைவு என்று யாராவது நினைத்தால், வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 12.7 மடங்கு. போதைப்பொருள் அளவு மீறி இறக்கும் ஆபத்து 129 மடங்கு. காரணம் உடல் சார்ந்தது. உள்ளே சில வாரங்கள் போதைப்பொருள் இல்லாமல் இருந்தாலே உடலின் தாங்கும் திறன் இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான ஓபியாய்டு கலந்த சரக்கு என்றால் பழைய அளவு எது என்றுகூடத் தெரியாது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி தன் ஜெயில்களில் விடுதலையாகும் இடத்திலேயே, ஓபியாய்டு அளவு மீறியவரைக் காப்பாற்றும் நலோக்சோன் மருந்தை இலவசமாகத் தரும் எந்திரங்களை வைத்தது இதனால்தான். யாரிடமும் கேட்காமல், கையெழுத்துப் போடாமல் எடுத்துக்கொண்டு போகலாம். செலவு குறைவான இந்த ஏற்பாடு ஒவ்வொரு ஜெயிலிலும் இருக்க வேண்டும்.

விடுதலை நேரத்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. ஜெயிலைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழுக்கள் பலவும் கைகலப்பையும் மரணத்தையும் பார்க்கின்றன. மறுவாழ்வுத் துறை, ஆள் வெளியே வந்த பிறகு நடப்பதைப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த எட்டு மணி நேரம் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

சான்டா கிளாரா கவுண்டியின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். 2015 ஆகஸ்டில் சான் ஹோசே நகரின் மத்திய ஜெயிலில், மனநலம் பாதிக்கப்பட்ட ஒருவரை மூன்று காவலர்கள் அடித்துக் கொன்றார்கள். அவர் மேல் இருந்தது சிறு வழக்கு. வெளியே ஒரு சிகிச்சை இல்லத்தில் படுக்கை காலியாகட்டும் என்றுதான் அவரை உள்ளே வைத்திருந்தார்கள். 2017இல் மூவரையும் ஜூரி குற்றவாளிகள் என்றது. பின்னால் சட்டம் மாறியதால் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. ஆனால் படுக்கை இல்லாததால்தான் அவர் அந்த அறையில் இருந்தார் என்பதை எந்தத் தீர்ப்பும் மாற்றாது. மறுவாழ்வு ஏற்பாட்டின் தோல்வியும் காவலின் தோல்வியும் ஒரே இரவில் ஒரே அறையில் சந்தித்தன.

அதன் பின் ஓய்வுபெற்ற நீதிபதி லடோரிஸ் கார்டெல் தலைமையில் குழு அமைந்தது. வெளியிலிருந்து நிரந்தரக் கண்காணிப்பு வேண்டும் என்ற குரல் எழுந்தது. 2018இல் கவுண்டியை நிர்வகிக்கும் வாரியம், நிலையான விதி ஒன்றின் மூலம் கண்காணிப்பு அலுவலகத்தை ஏற்படுத்தியது. ஆனால் ஜெயிலை நடத்தும் ஷெரிஃப் மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவி. ஐந்து பேர் கொண்ட வாரியம் அவருக்கு நிதி ஒதுக்கலாம், உத்தரவிட முடியாது. 2018இல் மனநலம் பாதித்த இன்னொருவர் வேனில் கொண்டுவரப்படும்போது தலையை மோதி மோதிக் காயப்படுத்திக்கொண்டார். ஜெயில் வாசலுக்கு வந்த பின்னும் உடனே சிகிச்சை கிடைக்கவில்லை. மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. கவுண்டி ஒரு கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. அந்தச் சம்பவம் பற்றிக் கண்காணிப்பு அலுவலகம் கேட்ட ஆவணங்கள் வந்து சேரவில்லை. ஒத்துழைக்க மறுத்ததும் ஒரு குற்றச்சாட்டாகச் சேர்ந்து, அன்றைய ஷெரிஃப் லாரி ஸ்மித் மீது 2021 இறுதியில் சிவில் கிராண்ட் ஜூரி (உள்ளூர் அரசைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழு) நடவடிக்கை கொண்டுவந்தது. 2022 அக்டோபர் கடைசியில் அவர் பதவி விலகினார். சில நாளில் விசாரணை ஜூரி அவரைக் குற்றவாளி என்றது.

2021 ஜனவரி முதல், ஏபி 1185 என்ற மாநிலச் சட்டம் கவுண்டிகள் ஷெரிஃபைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும், அந்தக் குழுவுக்குச் சம்மன் அனுப்பும் அதிகாரம் தரவும் வழி செய்திருக்கிறது. சம்மன் கையில் இருந்தால் போதும் என்று புதிதாக வரும் உறுப்பினர்கள் நம்புவதுண்டு. எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாதவருக்குச் சம்மன் பயன்படாது. ‘கைதிகள் பாதுகாப்பு தொடர்பான எல்லா ஆவணங்களும்’ என்று கேட்டால் வழக்கறிஞர்கள் ஆறு மாதம் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். ‘இந்தக் கட்டடம், இந்தத் தளம், இந்த மூன்று இரவுகள், இரண்டு முதல் ஐந்து மணிவரை’ என்று கேட்டால் தப்பிக்க இடம் குறைவு.

ரோந்துப் பதிவையே எடுத்துக்கொள்வோம். மாநிலத்தின் குறைந்தபட்சத் தர விதிகளின்படி, ஒவ்வொரு கைதியையும் மணிக்கு ஒருமுறையாவது காவலர் நேரில், கண்ணால் பார்க்க வேண்டும். போதை தெளியும் வரை வைக்கும் அறையில் அரை மணிக்கு ஒருமுறை. தற்கொலை ஆபத்துள்ளவர்களை வைக்கும் பாதுகாப்பு அறையில் அரை மணிக்கு இருமுறை. பல ஜெயில்களில் சுவரில் ஒரு பித்தான் இருக்கும், காவலர் கையில் உள்ள கோலால் அதைத் தொட்டால் நேரம் பதிவாகும். கோல் சுவரைத் தொட்டது என்பதற்குத்தான் அது சாட்சி. அறைக்குள் கண் போனதா என்பதற்குச் சாட்சி கேமரா மட்டுமே.

ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் கடிதம், வீடியோவை அழிக்காமல் வைத்திருங்கள் என்பதாக இருக்கட்டும். பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும், பிறகு யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வீடியோ வந்ததும் கவனிக்க வேண்டியவை: காவலர் முப்பது கதவுகளை எத்தனை விநாடியில் கடக்கிறார்? கதவின் சின்னக் கண்ணாடி முன் நிற்கிறாரா? டார்ச் வெளிச்சம் உள்ளே போகிறதா? போர்வைக்குள் இருப்பவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கக் குறைந்தது இரண்டு மூன்று விநாடி நிற்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் முப்பது கதவைக் கடந்தவர் யாரையும் பார்க்கவில்லை. கையால் எழுதிய பதிவேடு என்றால் இன்னும் எளிது. 1:00, 2:00, 3:00 என்று வட்டமான நேரங்கள், ஒரே மையில் ஒரே சாய்வில் ஆறு வரிகள் இருந்தால் அவை ஒரே தடவையில் உட்கார்ந்து எழுதியவை. உண்மையான ரோந்து 1:07, 1:58, 2:51 என்று ஒழுங்கில்லாமல்தான் இருக்கும்.

இதில் காவலரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கட்டாய ஓவர்டைமில் பதினாறு மணி நேரம் நின்றவர் விடியற்காலை நான்கு மணிக்கு எப்படி நடப்பார் என்று குழு யோசிக்க வேண்டும். பதிவேட்டோடு அன்றைய பணிப் பட்டியலையும் கேட்டு வாங்குவது அதற்காக.

மரணங்களில் இப்போது கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கிறது. 2023 முதல், காவலில் ஒருவர் இறந்தால் பத்து நாளுக்குள் விவரத்தைப் பொதுவில் வெளியிட வேண்டும். 2024 ஜூலை முதல் இத்தகைய மரணங்களை ஆராய மாநில அளவில் தனிப் பொறுப்பு உருவாகியிருக்கிறது. ஓட்டை ஒன்று மீதம் இருக்கிறது. மருத்துவமனையில் உயிர் ஊசலாடும்போதே ஒருவரை விடுதலை செய்துவிட்டால், அவர் இறப்பு ஜெயில் கணக்கில் வராமல் போகலாம். விடுதலைப் பட்டியலில் யார் யார் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள் என்று தனியாகக் கேட்டால்தான் அது தெரியவரும்.

இனி வாசலுக்கு வெளியே. சான்டா கிளாரா கவுண்டி 2012இல் திறந்த மறுவாழ்வு மையம் மத்திய ஜெயிலுக்கு அருகிலேயே, நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. நன்னடத்தை அதிகாரி, உணவு உதவி அலுவலர், மனநல ஆலோசகர், மருத்துவ உதவி, மாற்று உடை எல்லாம் ஒரே கூரையின் கீழ். இடத் தேர்வு மிகச் சரி. ஆனால் அலுவலகம் அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும். மில்பிடாஸில் உள்ள எல்ம்வுட் ஜெயிலிலிருந்து இரவில் வருபவருக்கு அது சில மைல் தொலைவில் இருக்கும் பூட்டிய கதவு. விரும்பினால் கைதி கூடுதலாகப் பதினாறு மணி நேரம்வரை, அல்லது அலுவலகம் திறக்கும்வரை, உள்ளேயே தங்கி விடிந்ததும் போக மாநிலச் சட்டம் இடம் தருகிறது. அது ஷெரிஃபின் விருப்பம், கட்டாயமில்லை. அந்த வசதி இருப்பதைச் சொல்லும் ஆள் விடுதலை மேசையில் இருக்கிறாரா, சொன்னாலும் கைதிக்குப் புரியும் மொழியில் சொல்கிறாரா என்பதும் கண்காணிப்பின் வேலையே.

2023 ஜனவரியில் கலிஃபோர்னியா, விடுதலைக்கு முந்தைய 90 நாளுக்கான சேவைகளை மெடிகால் (வருமானம் குறைந்தவர்களுக்கான மாநில மருத்துவக் காப்பீடு) மூலம் தர மத்திய அரசின் அனுமதி பெற்றது. நாட்டில் முதன்முதலாக இந்த அனுமதி பெற்ற மாநிலம் இதுதான். 2024 அக்டோபரில் இன்யோ, யூபா, சான்டா கிளாரா ஆகிய மூன்று கவுண்டிகளில் தொடங்கினார்கள். வெளியே போகும்போது 30 நாள்வரை மருந்து கையில் தருவதும் இதில் அடக்கம். நல்ல திட்டம். ஆனால் ‘விடுதலைக்கு 90 நாள் முன்பு’ என்பது தண்டனைக் கைதிகளுக்குப் பொருந்தும் கணக்கு. கவுண்டி ஜெயிலில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். விடுதலைத் தேதி அவர்களுக்கும் தெரியாது, அதிகாரிகளுக்கும் தெரியாது. நாளையேகூட ஜாமீன் வரலாம். எனவே விடுதலைத் திட்டம் உள்ளே வரும் நாளிலேயே தொடங்க வேண்டும். மெடிகால் எண், எடுத்துக்கொள்ளும் மருந்துகள், வெளியே உள்ள மூன்று பேரின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி உடைமைப் பையில் போட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் செய்யாத ஜெயிலில் 90 நாள் திட்டம் எழுத்தில்தான் இருக்கும்.

எஸ்எஸ்ஐ என்ற, வருமானம் குறைந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான மத்திய அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்குத் தேதி இன்னும் முக்கியம். காலண்டர் மாதம் ஒன்று முழுவதும் உள்ளே இருந்தால் அந்த மாதப் பணம் நிற்கும். மார்ச் 3 உள்ளே போய் ஏப்ரல் 29 வெளியே வந்தால் எந்த மாதமும் முழுதாகப் போகவில்லை. மே 2 வந்தால் ஏப்ரல் போய்விட்டது, அறை வாடகையும் அதோடு போகும். தொடர்ந்து 12 மாதம் நின்றுவிட்டால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் மாதக்கணக்கில் இழுக்கும். பதினோராவது மாதத்தில் இருப்பவர்களின் பட்டியல் மறுவாழ்வு ஊழியரிடம் இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

வேலை விஷயத்தில் சட்டம் துணை நிற்கிறது. 2018 முதல், ஐந்து பேருக்கு மேற்பட்டோ ஐந்து பேரோ வேலை செய்யும் நிறுவனம், நிபந்தனையோடு வேலை தருகிறேன் என்று சொல்லும்வரை பழைய தண்டனையைப் பற்றிக் கேட்கக் கூடாது. அடையாள அட்டை இல்லாமல் அந்த இடத்துக்கே போய்ச் சேர முடியாது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். பிறப்புச் சான்றிதழ் வர வாரங்கள் ஆகும், ஆகவே அதற்கான விண்ணப்பமும் உள்ளே இருக்கும்போதே போக வேண்டும்.

கண்காணிப்புக் குழு மாதம் ஒரு தாளில் கேட்டு வாங்க வேண்டிய கணக்கு அதிகமில்லை. நீதிமன்ற உத்தரவுக்கும் வாசலுக்கும் இடையே ஆன நேரம், இரவு பத்து முதல் காலை ஆறுவரை விடப்பட்டவர்கள் எத்தனை பேர், மருந்து தேவைப்பட்டவர்களில் எத்தனை பேர் கையில் மருந்தோடு போனார்கள், சிகிச்சைப் படுக்கைக்காக மட்டும் உள்ளே காத்திருப்பவர்கள் எத்தனை பேர், எத்தனை நாளாக. கடைசிக் கணக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். சராசரியை மட்டும் வாங்கித் திருப்திப்படக் கூடாது. மிக நீண்ட பத்துக் காத்திருப்புகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும், கோளாறு எந்த மேசையில் என்று அவைதான் சொல்லும்.

சான் ஹோசே, மில்பிடாஸ், சன்னிவேல் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. குடியுரிமை பெற்றவர்கள் சிவில் கிராண்ட் ஜூரிக்கு விண்ணப்பிக்கலாம். 18 வயது நிறைந்து, கவுண்டியில் ஓர் ஆண்டு வசித்திருக்க வேண்டும். சான்டா கிளாராவில் 19 பேர், பணிக்காலம் ஓர் ஆண்டு. கவுண்டிக்குள் இருக்கும் சிறைகளின் நிலையை விசாரிக்கும் கடமையை மாநிலச் சட்டமே இதற்குத் தந்திருக்கிறது. கணக்கும் மென்பொருளும் தெரிந்த ஒருவர் அந்த 19 பேரில் இருந்தால், கோல் பதிவையும் கேமரா நேரத்தையும் ஒப்பிடும் வேலை ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். ஜூரியின் அறிக்கைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரி 60 நாளுக்குள்ளும் வாரியம் 90 நாளுக்குள்ளும் எழுத்தில் பதில் தர வேண்டும். ‘மேலும் ஆராய வேண்டும்’ என்று பதில் வந்தால் அதற்கும் ஆறு மாதக் கெடு உண்டு. அந்தத் தேதியைக் குறித்து வைத்து, அன்று வாரியக் கூட்டத்துக்குப் போய்க் கேட்க எந்தப் பதவியும் தேவையில்லை.