எட்டுப் படங்களும் ஒரு வட்டமும்

ஸ்டூடியோ தொழிலில் ஒருவர் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று கேட்டால் எட்டுப் படங்கள் என்று பொருள். வெள்ளைத் திரைக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் படத்தையே எடுத்துக் கையும் வாயும் பழகிவிட்டதால், “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, அசையாதீங்க” என்ற சொற்கள் வாடிக்கையாளர் உட்காரும் முன்பே என்னிடமிருந்து வந்துவிடும். வேலை தேடுகிறவர்களின் முகத்துக்கு இன்னொரு வகைப் படமும் தேவைப்படுகிறது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். அதுவும் ஒருவர் நான் எடுத்த படத்தைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகு.

அவர் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர். வேலைத் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்டினில் போடுவதற்குப் படம் வேண்டும் என்றார். வழக்கம்போல் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, தயங்கித் தயங்கி, “படம் நல்லாத்தானுங்கண்ணா இருக்கு, ஆனா போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்த மாதிரி இருக்குன்னு ஆபீஸ்ல சிரிக்கறாங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. வெளிச்சத்திலும் ஃபோகஸிலும் குறை எதுவும் இல்லை. ஆனால் அன்று இரவு கடையைப் பூட்டிய பிறகு அந்தப் படத்தை என் கைப்பேசியில் பார்த்தபோது, அவருடைய அலுவலக நண்பர்கள் சொன்னதே சரி என்று பட்டது. பாஸ்போர்ட் படத்தைப் பார்ப்பவர் ஓர் அதிகாரி. முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய கடமை, ஆகவே படம் எப்படி இருந்தாலும் பார்த்தே தீருவார். இணையத்தில் வேலைத் தொடர்புக்காகப் போடும் படத்தைப் பார்ப்பவருக்கு அப்படி ஒரு கடமையும் கிடையாது. பெயர்ப் பட்டியலில் விரலை மேலே தள்ளிக்கொண்டே போகிற அந்நியரை ஒரு நொடி நிறுத்த வேண்டிய வேலை அந்தப் படத்துக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்து எடுத்ததுதான் என் பிழை.

லிங்க்டின் 2003 மே மாதத்தில் தொடங்கப்பட்டபோது அதில் படம் போடவே இடம் இருக்கவில்லை. 2007இல்தான் அந்த வசதி வந்தது. இன்று அந்தத் தளத்தில் நாம் ஏற்றுகிற சதுரப் படம் வட்டமாக வெட்டப்பட்டு, தேடல் பட்டியலிலும் கருத்துகளின் ஓரத்திலும் சுண்டுவிரல் நகத்தளவாகச் சுருங்கிவிடுகிறது. அந்த அளவில் போட்டிருக்கும் கோட்டின் நேர்த்தியோ பின்னால் தெரியும் அலுவலகத்தின் பளபளப்போ மிஞ்சுவதில்லை; கண்கள், உதட்டின் வளைவு, முகத்துக்கும் பின்திரைக்கும் உள்ள வேறுபாடு ஆகிய மூன்று மட்டுமே மிஞ்சும். ஊட்டி தொட்டபெட்டாவில் முழு உருவமாக நின்று எடுத்த படத்தைப் போட்டால் மலை தெரியும், ஆள் தெரிய மாட்டார். அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வருவது, கல்யாண ஆல்பத்தில் இருக்கும் முகத்தை வெட்டித் தரும்படி கேட்பவர்கள். வெட்டித் தரலாம்தான், ஆனால் தோளில் யாரோ ஒரு சித்தப்பாவின் கை மட்டும் மணிக்கட்டோடு மிஞ்சி நிற்கும்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜனீன் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடொரோவ் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றி, மனிதவளத் துறையில் வேலை பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர் எனக்குச் சொன்னார். அறிமுகமில்லாத முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று மக்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். வேண்டிய அளவு நேரம் கொடுத்துக் கேட்டாலும் அந்த முடிவு பெரும்பாலும் அதே பக்கம்தான் சாய்கிறது. அந்த முடிவு சரியானது என்று ஆய்வு சொல்லவில்லை என்பதை அவர் அழுத்திச் சொன்னார். எனக்கும் அதுவே முக்கியமாகப் பட்டது. முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவது நியாயமல்ல. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விண்ணப்பத்தோடு படம் வைக்காமலிருப்பதே வழக்கமாக இருப்பதற்கும் பாகுபாட்டைப் பற்றிய அச்சம் ஒரு காரணம். ஆனால் படத்துக்கென்று இடம் ஒதுக்கிய தளத்தில் அந்த இடத்தைச் சாம்பல் நிற நிழலுருவாக விட்டுவைத்தால், அதற்கும் பார்ப்பவர் தாமாக ஏதோ ஒரு பொருள் கற்பித்துக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு என் முறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். கைப்பேசியைக் கை நீட்டிப் பிடித்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரிவதற்குக் காரணம் கேமராவின் தரமல்ல, தூரம். ஐந்தாறு அடி தள்ளி நின்று 85 மி.மீ. லென்ஸில் எடுத்தால் முகம் தன் இயல்பான அளவில் அமைகிறது. தோளைச் சற்றே திருப்பி, முகத்தை மட்டும் கேமராவை நோக்கி வைத்தால் அந்தப் போலீஸ் ஸ்டேஷன் தோற்றம் போய்விடும். மூக்குக்கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்தால், விளக்கை உயர்த்திவிட்டு, கண்ணாடிக் காம்பைக் காதிலிருந்து இம்மியளவு தூக்கி வைக்கலாம். இவையெல்லாம் எவருக்கும் ஒரே வாரத்தில் கைவந்துவிடும். சிரிப்புதான் வருவதில்லை. “சிரிங்க” என்று சொன்னால் பல் தெரிகிறது, கண் அப்படியே இருக்கிறது. பல ஆண்டுப் பழக்கத்தில் நான் கண்டுகொண்டது, வந்தவரிடம் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்பதுதான். போன வாரம் வேலையில் எது தலைவலியாக இருந்தது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டால், பதில் சொல்லி முடிக்கும் இடத்தில் முகத்தில் ஒரு தெளிவு வரும். அந்தக் கணத்தில் எடுத்த படத்தைத்தான் பத்தில் ஒன்பது பேர் தாங்களாகவே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இத்தனையும் கற்ற பிறகும் நான் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. பெங்களூரு நிறுவனமொன்றுக்கு விண்ணப்பித்திருந்த ஒரு பெண் படம் எடுக்க வந்தார்; நல்ல கருநிறம், தெளிவான கண்கள். படம் அருமையாக அமைந்தது. அவர் கேட்காமலேயே, ஸ்டூடியோக்காரர்களின் கைப்பழக்கத்தில், கணினியில் இரண்டு மூன்று படி ‘கலர் ஏற்றி’க் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவர் வந்து, கோபமே இல்லாத குரலில், வீடியோ நேர்காணல் தொடங்கியதும் எதிரில் இருந்தவர் திரையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது உங்கள் படம்தானா?” என்று கேட்டதாகச் சொன்னார். பிறகு அரைமணி நேரம் தாம் என்ன பேசினோம் என்பதே தமக்கு நினைவில்லை என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அசல் கோப்பை எடுத்து, நிறத்தைத் தொடாமல் மறுபடி கொடுத்தபோது, பணம் வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பின்னர் யோசித்துப் பார்த்தேன். தான் பார்ப்பதெல்லாம் சராசரியில் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டுதான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. பின்னால் வெள்ளைத் திரை சட்டத்தை நிறைத்திருந்தால், காட்சி மிகவும் பளிச்சென்று இருப்பதாகக் கணக்கிட்டு அது ஒளியைக் குறைத்துவிடும். அதனால் கருநிற முகம் உள்ளதைவிட இருண்டு, கண்ணும் இமையும் ஒன்றாகிப்போகும். வெளிச்சம் செய்த குறையைத் தோலின் குறையென்று எண்ணித்தான் எங்கள் தொழில் இத்தனை காலமும் முகங்களை வெளுத்துவந்திருக்கிறது. வேண்டியது ஒளிதான், வெளுப்பு அல்ல. இப்போது லிங்க்டின் படத்துக்கு வெள்ளைத் திரையைத் தொடுவதில்லை. நடுத்தரச் சாம்பலோ கருநீலமோ வைத்து, முகத்தில் விழும் ஒளியைத் தனியாக அளந்து, பக்கவாட்டில், ஒளியை மென்மையாகப் பரப்பும் பெரிய சாஃப்ட்பாக்ஸ் ஒன்றை வைக்கிறேன். எண்ணெய் வழியும் நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டை கொடுப்பேன். முகப்பரு ஒன்று அன்றைக்கு வந்ததாக இருந்தால் அதை அழிப்பேன். மச்சத்தைத் தொட மாட்டேன். “கொஞ்சம் கலரா வரட்டுமே” என்று கேட்பவர்களிடம் அந்தப் பெண்ணின் கதையைச் சொல்கிறேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள், சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

பெண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்துக்குப் பதிலாகத் தாமரைப் பூவையோ குழந்தையின் முகத்தையோ மீனாட்சியம்மனையோ வைத்திருக்கும் பெண்களைக் கேலி செய்யும் எச்.ஆர். நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு என்னால் சேர்ந்து சிரிக்க முடிவதில்லை. படத்தை எடுத்து வேறொன்றோடு ஒட்டிப் பரப்பிவிடுவார்களோ என்ற அச்சமும், ‘எதுக்கு ஊருக்கெல்லாம் மூஞ்சியைக் காட்டணும்’ என்று வீட்டில் எழும் குரலும் கற்பனையல்ல. படத்தை எல்லோரும் பார்க்கலாமா, தொடர்பில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கலாமா என்று தீர்மானிக்கும் அமைப்பு அந்தத் தளத்திலேயே இருக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. அதைக் கைப்பேசியில் காட்டிக்கொடுப்பதும், கோப்பைக் கொடுத்த பிறகு அவர்கள் கண்ணெதிரிலேயே எங்கள் கணினியிலிருந்து அழிப்பதும் இப்போது என் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டன.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு, வீட்டிலிருந்தபடியே நாலைந்து செல்ஃபிகளைக் கொடுத்துக் கோட்டு போட்ட படம் வாங்கிவிடலாம். செலவும் குறைவுதான், அதனால் எனக்கு வியாபாரம் சற்றுக் குறைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பெண் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய மூக்குத்தி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறியிருந்தது, நிறம் நான் அந்நாளில் ஏற்றியதைவிட அதிகமாகவே ஏறியிருந்தது. என் பழைய தவறை இயந்திரம் என்னைவிட வேகமாகச் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு, பம்ப்செட் தொழிற்சாலையொன்றில் இருபத்தேழு ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர் ஒருவர் வந்தார். ஆலையில் ஆட்குறைப்பு, ஐம்பத்து நான்கு வயதில் புதிதாக வேலை தேட வேண்டிய நிலை. மகள் லிங்க்டினில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தாள். தம்முடைய பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து, இதையே கொஞ்சம் தெளிவாக்கித் தாருங்கள் என்றார். அடர்ந்த கறுப்பு முடியும் மீசையுமாக, ஏறத்தாழ முப்பது வயது முகம். நான் மறுத்தேன். “நரைச்ச தலையைப் பார்த்தா யாருங்க கூப்பிடுவாங்க?” என்றார். கூப்பிட்டால் இந்த நரைத் தலையோடுதானே போய் உட்காரப் போகிறீர்கள் என்றேன். அரை மனதோடு ஒப்புக்கொண்டார். வார்ப்பில் வரும் விரிசலைச் சுத்தியலால் தட்டி ஓசையிலேயே கண்டுபிடிப்பதைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது படத்தை எடுத்தேன்.

ஒரு மாதம் போல் கழித்து மறுபடி வந்தார். ஒரு நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போயிருந்ததாகவும், வரவேற்பறையில் பத்துப் பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தபோது உள்ளிருந்து வந்த மேலாளர் பெயரைக் கேட்காமலேயே நேராகத் தம்மிடம் வந்து கைகொடுத்ததாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது அன்று நான் எடுத்த படத்தில் இருந்த அதே முகம். வேலை கிடைத்ததா என்று கேட்டேன். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, படிவம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒட்டுவதற்குப் பாஸ்போர்ட் சைஸ் வேண்டும் என்றார். நாற்காலியை வெள்ளைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டேன்.