ஒரே மீட்டர், இரண்டு குடும்பம்: மகளிர் உரிமைத் தொகை மேல்முறையீட்டு அனுபவம்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்ததில் எனக்குச் சிரமம் எதுவும் இருக்கவில்லை. திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் ஆயிரம் ரூபாய் வரவான பிறகு, எனக்கு வந்ததோ நிராகரிப்புக் குறுஞ்செய்தி. ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டுக்கு மேல் என்பது காரணம்.

எங்கள் வீட்டில் இரண்டு மின்விசிறிகளும் ஒரு பழைய குளிர்பதனப் பெட்டியும்தான் இருக்கின்றன. ஆனால் கீழே வீட்டுக்காரர், மாடியில் நாங்கள், இரண்டு குடும்பத்துக்கும் மின்வாரிய மீட்டர் ஒன்றே. 3,600 என்பது இரண்டு மாதக் கணக்கீட்டுக்குச் சராசரியாக 600 யூனிட். கீழ்த்தளத்தின் ஏசி ஒன்றே கோடையில் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். விண்ணப்பத்தில் கேட்ட மின் இணைப்பு எண்ணைக் கொடுத்தேன். அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேட்க அதில் இடமில்லை.

மேல்முறையீட்டை 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு அனுப்ப வேண்டும். நான் முதலில் போன மையத்தில், வருமானச் சான்றிதழ் இல்லாமல் பதிய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இத்திட்டத்துக்கு வருமானச் சான்றே தேவையில்லை என்று அரசு முன்பே அறிவித்திருந்தது. என் விண்ணப்பம் வருமானத்தால் மறுக்கப்படவும் இல்லை. வேறொரு மையத்தில் சில நிமிடங்களில் பதிந்து ஒப்புகைச் சீட்டும் கொடுத்தார்கள். ஆகவே, மறுப்புக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருந்து, அதில் சொன்ன காரணத்துக்கு மட்டுமே ஆவணம் காட்டுங்கள். கேட்பதையெல்லாம் வாங்க அலைந்தால் கெடு முடிந்துவிடும்.

கடினமான பகுதி, இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர்தான் என்று வீட்டுக்காரம்மாவிடம் கடிதம் வாங்குவதாக இருந்தது. மின்வாரியத்தில் ஏதேனும் சிக்கல் வருமோ என்று அஞ்சி, "எழுத்துல மட்டும் கேக்காதம்மா" என்று மறுத்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் மொத்த யூனிட், துணை மீட்டரில் எங்கள் யூனிட், நாங்கள் கொடுத்த தொகை ஆகிய மூன்றையும் அவர் ஒரு பழைய டைரியில் எழுதி வைப்பது எனக்குத் தெரியும். கள ஆய்வுக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் மாடிப்படிக்கு அடியிலிருந்த துணை மீட்டரையும் அந்த டைரியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடிதம் வேண்டாம், டைரியின் நகல் போதும் என்றார். அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே எழுதிவிடாமல் படியேறி வந்து பார்த்த அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மேல்முறையீடு ஏற்கப்பட்டது, அப்போதும் என் கணக்குக்குப் பணம் வரவில்லை. விண்ணப்பத்தில் எந்த வங்கிப் புத்தகத்தைக் காட்டினாலும், ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம் கடைசியாக ஆதார் இணைக்கப்பட்ட கணக்குக்கே போகும் என்பதை வங்கியில் யாரும் சொல்லவில்லை. மைஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்த பிறகுதான், எரிவாயு மானியத்துக்காகத் தொடங்கிய பழைய கணக்கில் தொகை விழுந்திருப்பதும், குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அதிலும் ஒரு பகுதியைப் பிடித்திருப்பதும் தெரிந்தது. உரிமைத் தொகையை வங்கிகள் இவ்வாறு பிடித்தம் செய்யக் கூடாது என்ற அரசு அறிவிப்பு வெளியான நாளிதழ்ப் பக்கத்தைக் காட்டி, முதல்வரின் உதவி எண்ணான 1100-இல் புகார் அளிப்பேன் என்று சொன்ன பிறகு பிடித்ததைத் திருப்பி வரவு வைத்தார்கள். ஆதார் இணைப்பை மாற்றித் தரும்படி வங்கியில் எழுதிக் கொடுப்பவர்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வர வேண்டாம். நான் முதலில் கொடுத்த படிவம் அங்கே காணாமற்போய்விட்டது.